வெயிலுக்குப் பூசுற களிம்பு: அது வந்த கதையும் எங்க வீட்டுக் கணக்கும்

இந்த வருஷம் பங்குனி பாதியிலேயே வெயில் சித்திரை மாதிரி அடிச்சுது. பாக்குத் தோப்புல தென்மேற்கு ஓரத்து மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு இருந்தோம். பாக்கு வச்சிருக்கிறவங்களுக்கு இது தெரியும். மத்தியானத்துக்கு மேல அடிக்கிற சாய்வெயில் நேராப் படுற பக்கம் தண்டு முதல்ல மஞ்சளாகும். அப்புறம் பழுப்பாகி வெடிப்பு விடும். வெடிச்ச மரம் ஒரு காத்துக்கு அந்த இடத்துலயே முறிஞ்சு விழும். அதனால ஓரத்து மரத்துக்குப் பாக்கு மட்டையைச் சுத்திக் கட்டுவோம், இல்லாட்டி சுண்ணாம்பு அடிச்சு விடுவோம். எங்கப்பா காலத்துலயும் இதேதான்.

எங்க வீட்டுக்காரம்மா சுண்ணாம்பு வாளியோட பக்கத்துல நின்னா. சேலைக்கு மேல என்னோட பழைய முழுக்கைச் சட்டை, தலையில துண்டு, அதே துண்டை இழுத்து முகத்துக்கும் ஒரு சுத்து. கண்ணு மட்டும்தான் வெளியில தெரிஞ்சுது. அந்த நேரம் பார்த்து கோயமுத்தூர்ல வேலை பார்க்கிற எங்க பொண்ணு லீவுக்கு வந்து இறங்குனா. பையிலிருந்து ரெண்டு ட்யூப் எடுத்து வரப்பு மேல வச்சா.

"அப்பா, டாக்டரு சன்ஸ்கிரீன் கட்டாயம் போடச் சொன்னாங்கல்ல. இதுல ரெண்டு வகை இருக்குதாம். ரெண்டையுமே வாங்கிட்டு வந்துட்டேன். எது ஆகும்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க"ன்னா.

ஒண்ணு 400 ரூபாய், இன்னொண்ணு 650. ரெண்டுமே 50 கிராம். மரத்துக்கு எதைப் பூசணும்னு எனக்குத் தெரியும். மனுசத் தோலுக்குன்னு வந்ததும் முழிச்சேன்.

டாக்டர் ஏன் சொன்னாருங்கிறதையும் சொல்லிடறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரம்மாவுக்குக் கன்னம் ரெண்டுலயும் மங்கு விழுந்துச்சு. முதல்ல தேயிலைக் கறை மாதிரி லேசா இருந்தது, அப்புறம் மூக்கு மேல, நெத்தியிலன்னு பரவிடுச்சு. "மங்கு சனி நடக்குது, திருநள்ளாறு போய்ட்டு வாங்க"ன்னு ஒருத்தர் சொன்னாங்க. விசேஷ வீட்டுக்குப் போனா நாலு பேர் அதையே கேக்கறாங்கன்னு அவ போறதையே குறைச்சுக்கிட்டா. நான் டவுனுக்குப் போனப்ப ஒரு மருந்துக்கடையில விசயத்தைச் சொல்லி ஒரு க்ரீம் வாங்கிட்டு வந்தேன். சீட்டு கேக்கல, குடுத்துட்டாங்க. பதினஞ்சு நாள்ல முகம் பளிச்சுன்னு ஆயிருச்சு. நாலு மாசம் தொடர்ந்து போட்டா. நிறுத்தினதும் முகமெல்லாம் சிவந்து எரிச்சல். மங்கு முன்னைவிடக் கறுப்பாத் திரும்பி வந்துச்சு. கடைசியா தோல் டாக்டர்கிட்டப் போனப்பத்தான் அந்த க்ரீம்ல ஸ்டீராய்டு இருக்குதுன்னு தெரிஞ்சுது. அது தோலை மெலிசாக்கிடுமாம். இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-லயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்குது. வாங்கிக் குடுத்தவன் நான். அதனால இந்தத் தடவை கண்ணை மூடிக்கிட்டு எதையும் வாங்கறதில்லைன்னு முடிவு பண்ணி, ஒரு மாசம் ராத்திரியெல்லாம் உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க இந்தக் களிம்போட சரித்திரம் நம்ம மாதிரி வெயில்ல வேலை செய்யறவங்களோட சரித்திரமாவும் இருக்குதுன்னு தெரிஞ்சுது. அதைத்தான் இங்க எழுதறேன்.

களிம்பு கடைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாலயே ஜனங்க அவங்கவங்க ஊர்ல கிடைச்சதைப் பூசியிருக்காங்க. பர்மாவுல தனாக்கான்னு ஒரு மரப்பட்டை. நாம சந்தனம் அரைக்கிற மாதிரி கல்லுல தண்ணி விட்டு அரைச்சு, கன்னத்துல வட்டமாப் பூசிக்கிட்டுத்தான் பொண்ணுங்க வயலுக்குப் போவாங்க. இன்னைக்கும் அந்தப் பழக்கம் இருக்குது. மலேசியாவுல அரிசியை நாள்கணக்கில் ஊறவச்சுப் புளிக்கவிட்டு அரைச்சு, சின்னச் சின்ன வில்லையாக் காயவச்சு எடுப்பாங்க. பெடாக் செஜுக்னு பேரு, 'குளிர்ந்த பவுடர்'னு அர்த்தம். அங்கே இருக்கிற நம்ம சொந்தக்காரங்களைக் கேட்டா தெரிஞ்சிருக்கும். ஆப்பிரிக்காவில் நமீபியாவின் வடக்குப் பக்கம் ஹிம்பான்னு ஒரு மாடு மேய்க்கிற ஜனம். அவங்க பெண்கள் வெண்ணெயில் செங்காவிக் கல்லுப் பொடியைக் குழைச்சு உடம்பு முழுக்கப் பூசிக்குவாங்க. அந்தச் செங்காவியை ஞாபகத்துல வச்சுக்குங்க, கடைசியில திரும்ப வரும்.

நம்ம ஊர்ல பூச்சைவிடத் துணிதான். ஆம்பளைக்குத் தலப்பா, பொம்பளைக்கு முக்காடும் புருசனோட பழைய சட்டையும். நாத்து நடவுக்கு வர்ற பொம்பளைங்க எல்லாரும் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் இறங்குவாங்க. அதுக்குக் காரணம் யாரும் எழுதி வைக்கல. தேவையும் இருக்கல.

இனி அறிவியல் பக்கம் வர்றேன். 1801-ல் ஜெர்மனியில் ரிட்டர் என்பவர் வெயிலைப் பட்டகக் கண்ணாடியால் ஏழு நிறமாகப் பிரித்து, வெள்ளி உப்பு தடவிய காகிதத்தை ஒவ்வொரு நிறத்திலும் வைத்துப் பார்த்தார். வெயில் பட்டால் கறுக்கிற உப்பு அது. ஊதா நிறத்துக்கும் அந்தப் பக்கம், கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாத இடத்தில்தான் காகிதம் ரொம்ப வேகமாகக் கறுத்தது. அதுதான் புற ஊதாக் கதிர். ஆனால் தோலைச் சுடுறதும் இந்தக் கதிர்தான்னு தெளிவாகக் காட்ட 88 வருஷம் ஆச்சு. 1889-ல் ஸ்வீடனைச் சேர்ந்த விட்மார்க் என்ற மருத்துவர், தோல் சிவந்து போறதுக்குக் காரணம் சூடு இல்லை, புற ஊதாக் கதிர்தான்னு சோதனை செய்து காட்டினார். அதுவரைக்கும் எல்லாரும் சூட்டுல வெந்து போகுதுன்னுதான் நினைச்சிருந்தாங்க. நம்மில் பல பேர் இன்னமும் அப்படித்தான் நினைக்கிறோம். மேகம் மூடின நாள்ல, குளிர்ந்த காத்து அடிக்கிறப்பக்கூட இந்தக் கதிர் இறங்கிக்கிட்டுத்தான் இருக்கும்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் என்னை யோசிக்க வச்சுது. வெயில் தோலைக் கெடுக்குது, புற்றுநோய்கூட வரவைக்குதுன்னு மருத்துவர்கள் யாரைப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க தெரியுங்களா? 1890-களில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் உன்னா என்ற தோல் மருத்துவர் கப்பல்காரங்க முகத்தையும் கையையும் பார்த்து எழுதினார். ஹாம்பர்க் பெரிய துறைமுகம், அவருக்கு மாலுமிகள் நிறைய வந்திருக்காங்க. தடிச்சுப் போன தோல், திட்டுத்திட்டா மாறின நிறம், சிலருக்கு அதிலிருந்து புற்று. 'கப்பல்காரன் தோல்'னே அவர் அதுக்குப் பேர் வச்சார். அதே காலத்தில் பிரான்சு நாட்டு போர்டோ ஊரில் துப்ரேய் என்ற மருத்துவர். போர்டோவைச் சுத்தி எங்கே பார்த்தாலும் திராட்சைத் தோட்டம். தோட்டத்தில் வேலை செய்யறவங்களுக்கு வெயில் படுற இடத்தில் தோல் புண்ணும் புற்றும் அதிகமா இருக்குது, ஊருக்குள்ள இருக்கிறவங்களுக்கு அவ்வளவா இல்லைன்னு அவர் கவனிச்சுச் சொன்னார்.

ஆக, இந்த அறிவு மாலுமியோட தோல்லயும் திராட்சைத் தோட்டக் கூலியோட தோல்லயும் எழுதியிருந்தது. டாக்டருங்க படிச்சுச் சொன்னாங்க. சரி, அப்போ முதல் களிம்பு அந்தக் கூலிக்காரருக்குத்தானே போயிருக்கணும்? போகலீங்க.

அமெரிக்காவில் 1928-ல் பென்சைல் சாலிசிலேட், பென்சைல் சின்னமேட் என்ற ரெண்டு பொருளைக் கலந்து ஒரு களிம்பு வந்தது. கடையில் விற்ற முதல் சன்ஸ்கிரீன்னு அதைத்தான் சொல்றாங்க. 1930-களில் ஆஸ்திரேலியாவில் மில்டன் பிளேக் என்ற வேதியியல்காரர் ஒண்ணு செய்து விற்றார். பிரான்சில் லோரியால் கம்பெனியை ஆரம்பித்த யூஜின் ஷூலர், 1930-களின் நடுவில் ஆம்ப்ர் சோலேர் என்ற எண்ணெயைக் கொண்டுவந்தார். 1936-ல் அந்த நாட்டில் தொழிலாளருக்கு வருஷத்துக்கு ரெண்டு வாரம் சம்பளத்தோட லீவு தரணும்னு சட்டம் வந்தது. ஜனங்க கடற்கரைக்குக் கிளம்பினாங்க. வெள்ளைக்காரங்களுக்கு அந்தக் காலத்தில் வெயிலில் படுத்து தோலைப் பழுப்பாக்கிக்கிறது புது நாகரிகம். அதுக்கு முன்னால வெள்ளைத் தோல்தான் பெரிய வீட்டு அடையாளம், கறுத்தா வயக்காட்டுல வேலை செய்யறவன்னு அர்த்தம். ஆலைகளும் ஆபீசுகளும் வந்து எல்லாரும் கூரைக்குக் கீழே போனதும், கறுத்தவன்தான் லீவு எடுத்து ஊர் சுத்துற வசதி உள்ளவன்னு ஆயிடுச்சு. அந்த எண்ணெயும் அதுக்குத்தான்: சுட்டுக்கொள்ளாமல் பழுப்பாகறதுக்கு.

1938-ல் ஃபிரான்ஸ் கிரைட்டர் என்ற ஆஸ்திரிய மாணவர் பிட்ஸ் புயின்னு ஒரு பனிமலையில் ஏறினப்ப முகம் வெந்து போச்சு. பனி கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடிக்கும். அவர் 1946-ல் 'பனிமலைக் களிம்பு' ஒண்ணைச் செய்து விற்றார். மலைப் பேரையே பின்னால கம்பெனிப் பேராகவும் ஆக்கினார்.

ரெண்டாம் உலகப் போர் நடந்தப்ப பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஒரு சிவப்புக் களிம்பு குடுத்தாங்க. பேர் ரெட் வெட் பெட். அந்த 'வெட்' வெடர்னரிதாங்க, அதாவது மாட்டு டாக்டர் உபயோகிக்கிற சிவப்பு வாசலின். பிசுபிசுன்னு ஒட்டிக்கும், ஆனால் வெயிலை ஓரளவு தடுக்கும். 1944-ல் ஃபுளோரிடாவைச் சேர்ந்த பெஞ்சமின் கிரீன் அந்தச் சிவப்பு வாசலினோட கோகோ வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சேர்த்தார். காப்பர்டோன் என்ற பெரிய வியாபாரம் அதிலிருந்துதான் வளர்ந்தது. மாட்டுக்குப் பூசுறதுதான் கடற்கரையில் படுக்கிறவங்களுக்குப் போச்சுன்னு சொன்னதும் எங்க வீட்டுக்காரம்மா ரொம்ப நாள் கழிச்சு வாய்விட்டுச் சிரிச்சா.

அடுத்து அந்த ட்யூப் மேல இருக்கிற எண். எஸ்.பி.எஃப் 30, 50ன்னு போட்டிருக்குமே, அதுக்கும் ஒரு கதை இருக்குது. 1956-ல் ருடால்ஃப் ஷுல்சே என்ற ஜெர்மானியர், களிம்பு பூசின தோல் சிவக்க எவ்வளவு கதிர் வேணும், பூசாத தோலுக்கு எவ்வளவு வேணும்னு வகுத்துப் பார்க்கிற கணக்கைச் சொன்னார். 1974-ல் அதே கிரைட்டர் அதுக்கு எஸ்.பி.எஃப்னு பேர் வச்சுப் பரப்பினார். எஸ்.பி.எஃப் 15 தோலைச் சிவக்க வைக்கிற கதிரில் சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 சுமார் 97, 50 சுமார் 98. முப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவுல ஒரே ஒரு சதவீதம்தான். உரத்தில் ரெண்டு மடங்கு போட்டா ரெண்டு மடங்கு விளையாதுன்னு நமக்குத் தெரியும்ல, அதே மாதிரிதான்.

இந்த எண் எதைக் காட்டலைங்கிறதும் முக்கியம். புற ஊதாக் கதிரில் பி வகை தோலைச் சிவக்க வைக்கும், ஏ வகை ஆழமாப் போய்க் கறுக்க வைக்கும். எஸ்.பி.எஃப் பெரும்பாலும் பி வகைக் கணக்கு. ஏ வகையைக் காட்ட 1996-ல் ஜப்பான்காரங்க பி.ஏ.ன்னு ஒரு அளவு கொண்டுவந்து, பக்கத்துல கூட்டல் குறி போட ஆரம்பிச்சாங்க. குறி கூடக் கூடத் தடுப்பு அதிகம். மங்கு இருக்கிறவங்க எஸ்.பி.எஃப் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினா பாதிதான் பார்த்த மாதிரி.

இப்போ அந்த ரெண்டு வகைக்கு வர்றேன். 400 ரூபாய் ட்யூப் கெமிக்கல் வகை. அவோபென்சோன், ஆக்டினாக்சேட்னு நீளநீளமாப் பேர். இவை கார்பன் சார்ந்த பொருட்கள், கதிரை உறிஞ்சிச் சூடாக மாற்றி விட்டுடும். தண்ணி மாதிரி பூசலாம், வெள்ளையாத் தெரியாது. இதுக்கு முன்னோடி பாபான்னு சுருக்கமாச் சொல்ற ஒரு பொருள். 1943-ல் அதுக்குக் காப்புரிமை வாங்கினாங்க, 1970-கள் வரை எல்லா இடத்திலும் அதுதான். பல பேருக்கு அரிப்பு வந்தது, துணியில் மஞ்சக் கறை பிடிச்சது, 1980-களில் மெல்ல ஒதுக்கிட்டாங்க. ஒரு காலத்தில் நல்லதுன்னு வித்தது அடுத்த காலத்தில் ஒதுங்கறது பூச்சி மருந்தில் நாம பார்க்காததா?

650 ரூபாய் ட்யூப் தாது வகை. பின்பக்கம் 'ஜிங்க் ஆக்சைடு'ன்னு பார்த்ததும் எனக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. ஜிங்க்னா துத்தநாகம். நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போட்டவனுக்கு அது தெரியாதா? ராஜஸ்தான்ல ஜாவர்ங்கிற இடத்துல நூத்துக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே துத்தநாகத்தைக் காய்ச்சி வடிச்சிருக்காங்க. சித்த வைத்தியத்தில் நாக பற்பம் இருக்குது. வேர்க்குருவுக்குத் தடவுற காலமைன் லோஷனும் ஜிங்க் ஆக்சைடுதான். அதிலிருக்கிற ரோஸ் நிறம் மட்டும் இரும்பு ஆக்சைடு.

கூட இருக்கிற டைட்டானியம் டை ஆக்சைடு இன்னும் பக்கம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் கறுப்பு மணல் பார்த்திருப்பீங்க. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலில் மோனசைட் இருக்குதுன்னு கண்டுபிடிச்சார். அதே மணலில் இருக்கிற இல்மனைட்டிலிருந்துதான் இந்த வெள்ளைப் பொடியை எடுக்கிறாங்க. வீட்டுச் சுவர் பெயிண்ட்டுக்கும் இதே வெள்ளைதான்.

தாது வகை எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, 'கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அனுப்பும்'னு பல பேர் எழுதியிருக்காங்க. நானும் பாக்கு மரத்துச் சுண்ணாம்பு மாதிரின்னுதான் நினைச்சேன். முழுக்கச் சரியில்லை. புற ஊதாக் கதிரைப் பொறுத்தவரை ஜிங்க்கும் டைட்டானியமும்கூடப் பெரும்பங்கை உறிஞ்சத்தான் செய்யுது, திருப்பி அனுப்புறது கொஞ்சம்தான். ஆனா இவை வெயில்ல சீக்கிரம் சிதையாது, எரிச்சல் குறைவு. ஸ்டீராய்டு போட்டு மெலிஞ்ச தோலுக்கு இது பெரிய விசயம். குறைன்னு பார்த்தா, நம்ம நிறத்துக்குச் சாம்பல் பூசின மாதிரி தெரியும். தென்னாப்பிரிக்கா ஆலன் டொனால்டு கன்னத்துல வெள்ளையாப் பூசிக்கிட்டுப் பந்து போட ஓடி வருவாரே, அது ஜிங்க்தான். இப்போ பொடியை ரொம்பச் சன்னமா அரைக்கிறதால முன்னளவு வெளுப்பு இல்லை.

கெமிக்கல் வகை கடலில் பவளத்தைக் கெடுக்குதுன்னு சொல்லி ஹவாயில் 2018-ல் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ரெண்டுக்கும் விற்பனைத் தடைச் சட்டம் போட்டாங்க. 2021 ஜனவரி முதல் அது நடப்புக்கு வந்தது. 2019-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம், ஜிங்க்கும் டைட்டானியமும் பாதுகாப்பானது, வேறு 12 பொருளுக்கு இன்னும் விவரம் வேணும்னு ஒரு முன்மொழிவு வச்சது. அந்த 12-ம் விஷம்னு அவங்க சொல்லலை. தோல் வழியா ரத்தத்துக்குப் போகுது, போய் என்ன செய்யுதுன்னு இன்னும் பார்க்கணும்னாங்க. வாட்ஸ்அப்பில் வர்ற மாதிரி பயப்படவும் வேண்டாம்.

இதெல்லாம் பூசினா நிஜமாவே பலன் உண்டா? உண்டுன்னு நிரூபிச்ச ஊர் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பக்கம் நாம்பூர். 1992-லிருந்து 1996 வரை 1,621 பேரை வச்சு நடத்தினாங்க. ஒரு பாதிப் பேர் தினமும் எஸ்.பி.எஃப் 15-க்கு மேற்பட்டதைத் தலை, கழுத்து, கையெல்லாம் பூசணும், மத்தவங்க அவங்க இஷ்டம். தினமும் பூசினவங்களுக்கு ஒரு வகைத் தோல் புற்று சுமார் 40 சதவீதம் குறைஞ்சது. இன்னொரு வகைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ரொம்ப மோசமான மெலனோமா பல வருஷம் கழிச்சுக் கணக்கெடுத்தப்ப, பூசினவங்கள்ல 11 பேருக்கும் மத்தவங்கள்ல 22 பேருக்கும் வந்திருந்தது.

ஆனா அவங்க வெள்ளைத் தோல்காரங்க. நமக்குத் தோலுக்குள்ளேயே மெலனின்னு ஒரு குடை விரிச்சு வச்சிருக்குது. நம்மகிட்டத் தோல் புற்று அவங்களோட ஒப்பிட்டா ரொம்பக் குறைவு. அதனால எல்லா விவசாயியும் மாசாமாசம் ட்யூப் வாங்கித்தான் ஆகணும்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். யாருக்குத் தேவைன்னா, மங்கு இருக்கிறவங்களுக்கு, வெண்புள்ளி இருக்கிறவங்களுக்கு (அந்த இடத்துல மெலனின் குடை இல்லை, சட்டுனு சுட்டுடும்), வெயில் ஆகாதுன்னு டாக்டர் சொன்ன மருந்து சாப்பிடறவங்களுக்கு. அந்த மெலனின்தான் மங்குலயும் சேருது. குடையே கறையா மாறிடுது.

இங்கதான் அந்தச் செங்காவி திரும்ப வருது. மங்குக்குப் புற ஊதாக் கதிர் மட்டும் காரணமில்லை, கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமும் நம்ம மாதிரித் தோலைக் கறுக்க வைக்கும்னு டாக்டர் சொன்னார். சாதா சன்ஸ்கிரீன், கெமிக்கலோ தாதுவோ, அந்த வெளிச்சத்தைச் சரியாத் தடுக்காது. அதைத் தடுக்கிறது இரும்பு ஆக்சைடு. செம்மண்ணுக்குச் சிவப்பு குடுக்கிறதும், ஹிம்பா பெண்கள் வெண்ணெயில் குழைக்கிற காவிக் கல்லுல இருக்கிறதும் அதுதான். அந்தக் காவி வெயிலை ஓரளவு தடுக்குதுன்னு இப்போ சோதனையிலும் பார்த்திருக்காங்க. 650 ரூபாய் ட்யூப் தோல் நிறத்துல இருந்ததுக்கு அதுதான் காரணம். சாம்பல் பூத்த மாதிரியும் தெரியாது. எங்களுக்கு எதுங்கிறது அங்கேயே முடிவாயிடுச்சு.

அடுத்தது காசு. எஸ்.பி.எஃப் சோதனையை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் செய்யறாங்க. அதைவிட மெலிசாப் பூசினா எழுதியிருக்கிற எண் கிடைக்காது. முகம், கழுத்துக்கு ஒன்றரை கிராம்னு வச்சா, வேர்வை வடிய வேலை செய்யறவங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூசணும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னாலே 3 கிராம். 50 கிராம் ட்யூப் 16 நாள்கூடத் தாண்டாது. மாசம் கிட்டத்தட்ட 1,200 ரூபாய். கூலிக்குப் போற ஒரு அம்மாவுக்கு அது எத்தனை நாள் கூலி? திராட்சைத் தோட்டக் கூலியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்ட விசயம், இன்னைக்கும் கூலிக்காரிக்கு எட்டாத விலையில இருக்குது. 1978-ல் அமெரிக்கா இதை மருந்துக் கணக்கில் வச்சு விதி எழுத ஆரம்பிச்சது. நம்ம நாட்டில் இன்னும் அழகுசாதனக் கணக்குதான். மங்குக்காரிக்கும் வெண்புள்ளிக்காரருக்கும் இது அழகு விசயமா? அரசாங்க ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு வர்ற இந்த மாதிரி ஆட்களுக்காவது ஒரு ட்யூப் இலவசமாக் குடுக்கலாம்.

வழி ஒண்ணு ஆஸ்திரேலியாவிலிருந்தே கிடைச்சது. 1981-ல் அங்கே ஒரு கடற்பறவைக் கார்ட்டூனை வச்சு டிவியில் பிரசாரம் செஞ்சாங்க. அதில் சொன்ன வரிசையைப் பாருங்க: முதல்ல சட்டை போடு, அப்புறம் களிம்பு பூசு, அப்புறம் தொப்பி வை. சன்ஸ்கிரீன் விக்கிற நாட்டிலேயே சட்டைதான் முதல். 1996-ல் துணி எவ்வளவு கதிரைத் தடுக்குதுன்னு அளக்கவும் அவங்க ஒரு தரம் நிர்ணயம் செஞ்சாங்க. நெருக்கமா நெய்தது, அடர்த்தியான நிறம் இதெல்லாம் நல்லாத் தடுக்கும். வெளிறிப்போய் இழை விட்ட துண்டு, நனைஞ்ச மெல்லிசு வெள்ளைத் துணி இதெல்லாம் அவ்வளவாத் தடுக்காது. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, ஓட்டை ஓட்டையா வெளிச்சம் வந்தா அது வெயிலுக்கும் வாசல்தான்.

அதனால எங்க வீட்டுக் கணக்கு இப்படி. வெயில் வேலை காலையில வெள்ளனே ஆரம்பிச்சு பதினோரு மணிக்குள்ள முடியும், மிச்சம் நாலு மணிக்கு மேல. உடம்புக்கு என் கருநீல முழுக்கைச் சட்டை. கழுத்து, தாடை, காதுக்குப் புதுசா வாங்கின கெட்டித் துண்டு. அகலமான ஓலைத் தொப்பி ஒண்ணு. துணி மூடாத இடத்துக்கு மட்டும் அந்த நிறம் கலந்த தாதுக் களிம்பு, ஒரு கிராம் வீதம் காலையில ஒரு தடவை, பத்து மணி வாக்குல கைகழுவிட்டு இன்னொரு தடவை. இப்படிப் போட்டா ட்யூப் 25 நாள் வருது. 400 ரூபாய் ட்யூப்பைப் பொண்ணு ஆபீசுக்குப் போட எடுத்துட்டுப் போயிட்டா. அவளுக்கு மங்கு இல்லை, வெயில்ல நிக்கிறதும் கம்மி, அது போதும்.

உங்களுக்கு எதுன்னு கேட்டா, டாக்டரைக் கேட்டுட்டுத்தான். நான் விவசாயி. ஆனா ஒண்ணு சொல்லுவேன். மருந்துக்கடையில சீட்டில்லாம 'பதினஞ்சு நாள்ல வெளுக்கும்'னு எதைக் குடுத்தாலும் வாங்காதீங்க. பொண்டாட்டிக்கு நல்லது செய்யறோம்னு நினைச்சு வாங்கினவன் சொல்றேன்.

இப்போ ஆறு வாரம் ஆச்சு. மங்கு போயிடலை. போகும்னு டாக்டரும் சொல்லலை, பரவாம நிக்கும், மெல்லக் குறையலாம்னார். சிவப்பும் எரிச்சலும் நின்னிருக்குது. முதல் ரெண்டு நாள் வயலுக்கு வந்தவங்க, "என்ன, பவுடரெல்லாம் போட்டுக்கிட்டு களை எடுக்க வர்றீங்க"ன்னு கேலி பண்ணினாங்க. மூணாவது வாரம் அவங்கள்ல ஒரு அம்மா தனியாக் கூப்பிட்டு, முக்காட்டை லேசா விலக்கிக் கன்னத்தைக் காட்டி, "அம்மணி, எனக்கும் இருக்குது. அது என்ன களிம்பு?"ன்னு கேட்டிருக்காங்க.

எங்க வீட்டுக்காரம்மா ட்யூப் பேரைச் சொல்லலை. முதல்ல எந்த டாக்டர்ங்கிறதைச் சொல்லி, அப்புறம் என் பழைய சட்டையில ஒண்ணை எடுத்துக் குடுத்து அனுப்பியிருக்கா.